முதல் ட்ரிப்புக்கு முன்னால்

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று ஸ்கேன் அறிக்கை சொன்ன நாளுக்கும், முதல் மருந்து நரம்பில் ஏறும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் ஓடிவிடுகின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு அவை நெருப்பின் மேல் நிற்கும் நாட்கள். நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது, மருந்தும் இருக்கிறது, பிறகு எதற்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை, இன்னொரு ஸ்கேன் என்று கேட்காத குடும்பம் இருக்காது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்த நோய்க்கு வந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறிப்போகின்றன என்று பார்த்தால், அந்த வாரங்களும் சிகிச்சைக்குள் அடங்கியவை என்றே சொல்லத் தோன்றுகிறது. அந்த நாட்களில் நடக்க வேண்டிய மிக முக்கியமான காரியம் ஸ்கேன் மையத்தில் நடப்பதில்லை. நோயாளியிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அது. நம் வீடுகளில் பெரும்பாலும் தவிர்க்கப்படுவதும் அதுவே.

பரவிய மெலனோமா என்றால் 2011 வரை மருத்துவரிடம் சொல்வதற்கு அதிகம் இருந்ததில்லை. 1975-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டகார்பசின் என்ற கீமோ மருந்துதான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கையில் இருந்த முதன்மை ஆயுதம். 42 ஆய்வுகளில் சேர்ந்த சுமார் 2,100 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2008-இல் வெளியான கணக்கின்படி, பாதிப் பேர் ஆறு மாதத்தைச் சற்றே தாண்டினார்கள். நான்கில் ஒருவர் மட்டுமே ஓராண்டைக் கடந்தார். 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. இவற்றுக்கு வழி திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. 945 பேரை வைத்து நடந்த செக்மேட் 067 ஆய்வின் பத்தாண்டு முடிவு 2024-இல் வெளியானது. நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு மெலனோமா ஈரலிலும் மூளையிலும் பரவியிருப்பதாக 2015 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 90. அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் மூன்றும் பெற்றார். 2024 டிசம்பரில் நூறு வயது கடந்துதான் மறைந்தார். ஒருவருடைய கதையை வைத்து மற்றவர்களுக்கு ஆரூடம் சொல்லக் கூடாது. ஆனாலும் நான்காம் நிலை என்றாலே நாள் எண்ணுவதுதான் என்ற பழைய தீர்ப்பு இன்று செல்லாது.

இந்த எண்களை நம் ஊர் நோயாளியின் முன் அப்படியே வைப்பதும் நேர்மையாகாது. மேற்கிலும் ஆஸ்திரேலியாவிலும் மெலனோமா பெரும்பாலும் வெள்ளைத் தோலில் வெயில் செய்யும் கேடு. கறுத்த, மாநிறத் தோல் உள்ளவர்களுக்கு இது அரிது. இந்தியாவில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. வரும்போது உள்ளங்கால், குதிகால், உள்ளங்கை, நகக்கண் என்று வெயில் படாத இடங்களைத் தேடி வருகிறது. கால் பெருவிரல் நகத்தின் அடியில் பழுப்பாக ஒரு கோடு, நாளாக ஆக அது அகன்று நகத்தைச் சுற்றியுள்ள சதைக்கும் கறுப்பு இறங்குவது, ஆறாமல் கசியும் ஒரு சின்னப் புண், இவ்வளவுதான் தொடக்கம். கல் தடுக்கியதால் வந்த ரத்தக்கட்டு, கால் ஆணி, நகச்சுத்தி, சர்க்கரைப் புண் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து மாதங்கள் போய்விடுகின்றன. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரலில் கண்டதும் இந்த வகைதான். 1981 மே மாதம் 36 வயதில் அவர் இறந்தபோது நோய் உடலெங்கும் பரவியிருந்தது. கைகால்களில் வரும் இவ்வகையில் மரபணு மாற்றங்கள் குறைவு என்பதால் எதிர்ப்பாற்றல் மருந்துகள் வெயிலால் வரும் மெலனோமாவில் பலிக்கும் அளவுக்கு இதில் பலிப்பதில்லை. பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ஆகவே 43 சதவீதம் என்பது நம்பிக்கைக்கு இடம் தரும் எண்ணே தவிர, வாக்குறுதி ஆகாது. அதைச் சொல்லும் மருத்துவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் காத்திருக்கும் வாரங்களில் என்னதான் தேடுகிறார்கள்? முதலில் கட்டியின் மரபணு. பிராஃப் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கும் மெலனோமாவுக்கும் உள்ள தொடர்பு 2002-இல் தெரியவந்தது. மேலை நாட்டு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மாற்றம் உண்டு, உள்ளங்கால் வகையில் வெகு குறைவு. இது இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெடினிப் போன்ற மாத்திரைகள் கட்டியை வேகமாகச் சுருக்கும். உள்ளங்கால் வகையில் சிலருக்கு கிட் என்ற வேறொரு மரபணுவில் மாற்றம் இருக்கும், அவர்களுக்கு இமாட்டினிப் மாத்திரை கைகொடுக்கக்கூடும். பிராஃப் மாற்றம் உள்ளவருக்கு எதை முதலில் கொடுப்பது என்ற கேள்விக்கு 265 பேரிடம் நடந்த டிரீம்செக் ஆய்வு விடை தந்தது. எதிர்ப்பாற்றல் மருந்தில் தொடங்கியவர்களில் இரண்டாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 71.8 சதவீதம், மாத்திரையில் தொடங்கியவர்களில் 51.5 சதவீதம். இதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. முதல் சில மாதங்களில் மாத்திரை பெற்றவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். எதிர்ப்பாற்றல் மருந்து வேலையைத் தொடங்க நாளாகும், வேகமாக வளரும் நோய் அதுவரை காத்திருக்காது. ஆக, இரண்டு நோயாளிகளுக்கு ஒரே நோய், ஒரே மரபணு மாற்றம் இருந்தும் முதல் மருந்து வேறாக இருக்கலாம். இதைத் தீர்மானிக்க நோயின் வேகமும், எல்டிஹெச் என்ற ரத்த அளவும், மூளை எம்ஆர்ஐயும் கையில் இருக்க வேண்டும். தலைவலியே இல்லாதவருக்கு மூளை ஸ்கேன் எதற்கு என்று தோன்றும். மெலனோமா மூளையைத் தேடிப் போகும் நோய். அறிகுறி காட்டாத சிறு புள்ளிகளாக இருக்கும்போதே தெரிந்தால் கதிரியக்கக் கூர்சிகிச்சையும் கூட்டு மருந்தும் உதவும். அறிகுறி இல்லாமல் மூளையில் பரவியிருந்தவர்களுக்கு நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 57 சதவீதம் பேருக்கு மூளைக்குள்ளேயே பலன் தெரிந்தது என்று 2018-இல் அறிவித்தார்கள்.

இரண்டாவது தேடல் உடம்பைப் பற்றியது. நம் எதிர்ப்பணுக்களுக்கு உடலே போட்டிருக்கும் கடிவாளத்தை இந்த மருந்துகள் அவிழ்த்துவிடுகின்றன. அவிழ்த்த குதிரை புற்றணுவை மட்டும் மிதிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. குடல், ஈரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி, கணையம் என்று எதன் மீதும் அது பாயலாம், அரிதாக இதயத்தின் மீதும். செக்மேட் 067-இல் இரண்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது, நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. எனவே தைராய்டு, கார்டிசால், சர்க்கரை, ஈரல், சிறுநீரகம், இசிஜி இவற்றின் அளவை முதல் ட்ரிப்புக்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பத்து வாரம் கழித்து ஈரல் அளவு ஏறினால், அது முன்பே ஏறித்தான் இருந்ததா என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லும். ஹெபடைடிஸ் பி கிருமி சத்தமில்லாமல் உள்ளே இருக்கிறதா, எப்போதோ வந்துபோன காசநோய் தழும்பாக நெஞ்சில் நிற்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேரும். காசநோய் நம் நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு, இந்த மருந்து தொடங்கியபின் அது மீண்டும் தலைதூக்கிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன. சொரியாசிஸ், முடக்குவாதம், குடல் அழற்சி போன்றவை முன்பே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவை இருந்தால் மருந்தே கிடையாது என்று ஆகிவிடாது, கண்காணிப்புதான் கூடும்.

தாமதம் ஆபத்து என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏழு வகைப் புற்றுநோய்களை அலசி 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வு, அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் ஏறுகிறது என்று காட்டியது. அது அறுவைசிகிச்சை பற்றிய கணக்கு. ஆனாலும் நேரம் விலையுள்ளது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. மூச்சுத்திணறலோ, கடும் வலியோ, நாளுக்கு நாள் ஏறும் எல்டிஹெச்சோ உள்ள ஒருவரை எல்லா அறிக்கையும் வரட்டும் என்று உட்கார வைப்பது தவறு. அவருக்குக் கிடைத்ததை வைத்து உடனே தொடங்க வேண்டியிருக்கும். நான் சொல்வது மற்றவர்களைப் பற்றி. அவர்கள் விஷயத்தில் இரண்டு வாரம் வீணாவது பெரும்பாலும் பரிசோதனையால் இல்லை. பயாப்ஸியில் எடுத்த சதை பதிந்த மெழுகுக் கட்டையை ஒரு மருத்துவமனையிலிருந்து வாங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப யார் போவது என்று தெரியாததால், காப்பீட்டு அட்டையில் பெயர் பிழையாக இருப்பதால், இன்னொரு ஊரில் இன்னொரு டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று பெரியப்பா சொன்னதால் போகின்றன. தயாரிப்பைச் சுருக்காமல் இந்த அலைச்சலைச் சுருக்க வேண்டும். பயாப்ஸி செய்த இடத்தில் கட்டையும் கண்ணாடிச் சில்லும் நோயாளிக்கு உரியவை என்று கேட்டு வாங்கும் ஒருவர் வீட்டில் இருந்தாலே சில நாட்கள் மிச்சம்.

வீட்டுக்குள் நடக்கும் தயாரிப்பில் பெரும் தடுமாற்றம் எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லால் வருகிறது. எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்று கேட்டதுமே, அதைக் கூட்டும் லேகியமும் சூரணமும் கஷாயமும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று உறவினர்கள் வாங்கி வந்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் ஈரல் அளவு மூன்று மடங்கு ஏறி நிற்கும் நாளில், காரணம் மருந்தா லேகியமா என்று தெரியாமல், உயிர் காக்கும் மருந்தை நிறுத்த வேண்டிய நிலை வரும். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத பொட்டலங்களில் வாங்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நம் ஊரில் புதிதல்ல. நாளொன்றுக்கு பத்து மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் அளவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டே இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்குப் பலன் குறைந்ததாக நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் செய்த ஆய்வு காட்டுகிறது. பக்கவிளைவை அடக்க மருத்துவர் பின்னால் தரும் ஸ்டீராய்டு வேறு கதை, அதைப் பயந்து நிறுத்துவதுதான் ஆபத்து. உணவைப் பொறுத்தவரை, 2021-இல் சயன்ஸ் இதழில் வந்த மெலனோமா ஆய்வு ஒன்றில் நார்ச்சத்து அதிகம் உண்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டது, கடையில் வாங்கிய புரோபயாடிக் மாத்திரைகள் உதவவில்லை. கூர்ந்து பார்த்த ஆய்வே தவிர நிரூபணம் இல்லை என்றாலும், கீரையும் பயறும் கேழ்வரகும் சாப்பிட அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. குழந்தை பெறும் வயதில் உள்ளவர்கள் கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றிக் கேட்க வேண்டியதும் இப்போதுதான். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

இனி, ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் காப்பது நம் குடும்பங்களில் பாசத்தின் அடையாளமாகவே இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர் என்று கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சும் மகனை யாரும் குறை சொல்லிவிட முடியாது. தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார், சாப்பாட்டை விட்டுவிடுவார் என்ற அச்சம் உண்மையானது. கீமோ காலத்தில் இந்த மறைப்பு எப்படியோ ஓடியது. மருந்து ஏறும்போது வாந்தி, முடி உதிர்தல், வெள்ளணுக் குறைவு என்று துன்பங்கள் ஓரளவு நாள் குறித்து வந்தன, வார்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். புதிய மருந்துகளில் அந்த ஒழுங்கு கிடையாது. அரை மணி நேர ட்ரிப் முடிந்து நோயாளி நடந்தே வீட்டுக்குப் போகிறார். கேடு ஆறாவது வாரம் வரலாம், ஆறாவது மாதம் வரலாம், சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் வரலாம். அதை முதலில் காணக்கூடியவர் நோயாளி ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஆறு முறை வயிற்றோட்டம் போகிறவர், கால் புண்ணுக்கு ஊசி போடுகிறோம் என்று மட்டுமே சொல்லப்பட்டவராக இருந்தால் என்ன செய்வார்? நேற்று சாப்பிட்ட குருமா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார். மருந்துக்கடையில் போய் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். உள்ளே குடல் வெந்துகொண்டிருக்கும். உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் அழற்சி, ஒரு வாரம் கழித்துக் குடல் ஓட்டையாக வந்து நிற்கலாம். காரணமில்லாத சோர்வும் தலைச்சுற்றலும் பிட்யூட்டரியின் அழைப்பாக இருக்கலாம். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் திடீர் சர்க்கரையாக இருக்கலாம், அதுவரை சர்க்கரையே இல்லாதவருக்கும். புதிதாக வந்த இருமல் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாதவரைக் காவலுக்கு வைக்க முடியாது.

நோயாளி தானே சொல்லும் அறிகுறிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 766 பேரில் ஒரு பகுதியினரைத் தங்கள் அறிகுறிகளைக் கணினியில் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார்கள், மோசமானவற்றுக்கு நர்ஸ்கள் உடனே பதிலளித்தார்கள். 2017-இல் வந்த முடிவில் அந்தப் பகுதியினரின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். புது மருந்து எதுவும் சேர்க்காமல், சொல்வதைக் கேட்டதனால் மட்டும் ஐந்து மாதம். இது மெலனோமாவுக்கு மட்டுமான ஆய்வு கிடையாது. ஆனால் பக்கவிளைவு இன்னும் கணிக்க முடியாத ஒரு சிகிச்சையில் இந்தப் பாடம் கூடுதலாகவே பொருந்தும். சொன்னால் மனம் உடையும் என்பவர்களுக்கு இன்னொரு பதிலும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில், சதவீதத்தோடு கொட்டிவிட வேண்டியதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியையே கேட்கலாம். ஆயுட்காலக் கணக்கு வேண்டாம் என்பவருக்கு அதைத் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை. நோயின் பெயர், மருந்தின் பெயர், எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றையும் மட்டும் எந்தக் காரணம் சொல்லியும் மறைக்கக் கூடாது. மறைத்தாலும் நிற்பதில்லை. புற்றுநோய் மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தவருக்கு, வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிறவருக்கு, விஷயம் புரிந்துவிடுகிறது. தெரிந்தும் தெரியாததுபோல் இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டு தனித்தனியாக அழுவதைவிடச் சேர்ந்து அழுவது மேல்.

வலி நிவாரணப் பிரிவையும் இதே நாட்களில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் வாதத்தின் தொடர்ச்சிதான். அந்தப் பிரிவு என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே அந்தக் கவனிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, கடைசிக் காலத்தில் தேவையற்ற கீமோவும் குறைந்தது. ஆயுளோ 8.9 மாதத்திலிருந்து 11.6 மாதமாகக் கூடியது. வலியும் தூக்கமின்மையும் அடங்கிய உடம்புதான் சிகிச்சையைத் தாங்கும்.

பணம் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் இதை எழுத முடியாது. முழு அளவில் இந்த மருந்துகள் லட்சக்கணக்கில் செலவு வைக்கும். மூன்று வாரத்துக்கொருமுறை, ஓராண்டு, இரண்டாண்டு என்று நீளும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும், மாத்திரைகளாகத் தரும் குறைந்த அளவுக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். மெலனோமாவில் இதே பலன் வரும் என்று அந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் முழு அளவு கட்டுப்படியாகாதவர், ஒன்றுமே இல்லாமல் திரும்பிப் போகும் முன், குறைந்த அளவு பற்றித் தன் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க அது காரணம் தருகிறது. நிலத்தை விற்று நான்கு ட்ரிப் போட்டபின் ஐந்தாவதற்கு வழியில்லாமல் நிற்பது இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவுகளில் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும், முதல் ட்ரிப்புக்கு முன்னாலேயே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் எது சேரும், மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் ஏதும் உண்டா, ஏறக்குறைய மூன்றாம் மாதம் எடுக்கும் முதல் ஸ்கேனில் பலன் இல்லை என்றால் நிறுத்துவதா தொடர்வதா, இவற்றை மருத்துவ சமூகப் பணியாளரோடு உட்கார்ந்து பேசத் தயங்கக் கூடாது. அந்தப் பேச்சிலும் நோயாளி இருக்க வேண்டும். நிலம் பெரும்பாலும் அவருடையது.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது முதல் ட்ரிப்புக்குத் தேதி வாங்கியிருந்தால் ஒரு வேண்டுகோள். இந்த மருந்து பெறுகிறவர் என்று குறிக்கும் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி அவருடைய பர்ஸில் வையுங்கள். நள்ளிரவில் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கிருக்கும் டாக்டர் அதைப் பார்க்க வேண்டும். விடுமுறை நாளிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண் எது என்று வார்டு நர்ஸிடம் கேளுங்கள். அந்த எண்ணை மகன் போனில் மட்டும் வைக்காமல், நோயாளியின் சொந்தப் போனில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி முதல் எண்ணாகப் பதிந்து கொடுங்கள்.